பாலோடு போகும் சுண்ணாம்பு: கறவை மாட்டுக்குத் தாது உப்பு ஏன், எப்போது, எவ்வளவு

கன்று ஈன்ற மறுநாள் காலை, மாடு எழுந்திருக்க மறுக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. கழுத்தை மடித்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டு கிடக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் மருந்தை ரத்தக்குழாய் வழியாக மெல்ல மெல்ல ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் மாட்டின் தசைகள் நடுங்குகின்றன, ஏப்பம் விடுகிறது, சாணம் போடுகிறது, எழுந்து நின்றும் விடுகிறது. இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது. உடம்புச் சூடு பெரும்பாலும் இயல்பைவிடக் குறைந்தே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்த எவருக்கும் உடனே ஒரு யோசனை வரும்: "கால்சியம் போதவில்லை. அடுத்த தடவை சினையாக இருக்கும்போதே நிறையக் கொடுத்துவிடலாம்." நல்ல மனதோடு எடுக்கும் முடிவுதான், ஆனால் மாட்டுக்கு அது கெடுதலாக முடியும். ஏன் என்று புரிந்துகொண்டால் தாது உப்பு விஷயத்தில் பாதி தெளிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் தாது என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தீவனத்தை முழுவதும் எரித்தால் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் போய்விடும். கடைசியில் சாம்பலாக மிஞ்சுவதில்தான் தாதுக்கள் இருக்கின்றன. இவற்றை மாட்டின் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. தின்பதிலிருந்தோ குடிக்கும் தண்ணீரிலிருந்தோ வந்தாக வேண்டும். கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரின், கந்தகம் ஆகியவை கிராம் கணக்கில் தேவைப்படும். செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், கோபால்ட், செலினியம், இரும்பு ஆகியவை மில்லிகிராம் கணக்கில் போதும். இவற்றை நுண்தாதுக்கள் என்கிறோம். அளவு சின்னது என்பதால் வேலையும் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம்.

ரத்தத்தில் 3 கிராம், பாலில் 24 கிராம்

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாளைக்கு 20 லிட்டர் கறக்கும் மாடு 24 கிராம் கால்சியத்தைப் பாலோடு கொடுத்துவிடுகிறது. அந்த மாட்டின் ரத்தத்தில் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமே 3 கிராம் அளவுதான். அப்படியானால் ரத்தத்தில் உள்ள கால்சியம் ஒரே நாளில் எட்டு முறை காலியாகி எட்டு முறை நிரம்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தசைகள் வேலை செய்யாது, மாடு விழுந்துவிடும். இத்தனை நெருக்கடியிலும் பெரும்பாலான மாடுகள் தினமும் நின்றுகொண்டுதான் பால் கொடுக்கின்றன. எனக்கு இது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? மாட்டின் எலும்பில் ஏழெட்டு கிலோ கால்சியம் சேமிப்பாக இருக்கிறது. உடம்பிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். கழுத்தில் உள்ள பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பிகள் இந்தச் சேமிப்பைக் காவல் காக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் அவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டி-யை முடுக்கிவிட்டு, தீவனத்திலிருந்து குடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்யும்.

இப்போது சினை மாட்டுக்கு வருவோம். கறவை நின்று வற்றிய மாட்டுக்குக் கால்சியத் தேவை குறைவு. அந்த நேரத்தில் தினமும் நிறையக் கால்சியம் உள்ளே போனால், ரத்தத்தில் குறையே ஏற்படாது. சுரப்பிக்கு வேலை இல்லை, எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடு தூங்கிப்போகும். ஈன்ற அன்று திடீரென்று சீம்பால் இறங்குகிறது. சீம்பாலில் கால்சியம் சாதாரணப் பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்து லிட்டர் சீம்பால் என்றால் 20 கிராமுக்கு மேல் போய்விடும். தூங்கிய ஏற்பாடு முழுவதுமாக விழித்துக்கொள்ள இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளுக்குள்தான் மாடு விழுகிறது. முதல் ஈத்துக் கிடேரிகளுக்கு இது அரிதாகவே வரும், ஏனென்றால் வளரும் எலும்பில் கால்சியம் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். மூன்றாவது ஈத்திலிருந்து ஆபத்து கூடுகிறது. ஜெர்சி மாடுகளுக்கு மற்ற இனங்களைவிட அதிகம்.

அதனால் ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்கள் தனிக் கவனம் வேண்டியவை. கறவை மாட்டுக்கான கால்சியம் கூடிய தாது உப்புக் கலவையை அந்த நாட்களில் வைக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த பயறு வகைப் பசுந்தீவனத்தையும் குறைக்க வேண்டும். பொட்டாசியத்தையும் கவனியுங்கள். தொழு உரமும் சாம்பல் சத்து உரமும் நிறைய இட்ட நிலத்துப் புல்லில் பொட்டாசியம் மிகுதியாக இருக்கும். அது ரத்தத்தைக் காரத்தன்மை பக்கம் தள்ளும். அப்படித் தள்ளினால் பாராதைராய்டு ஹார்மோன் வந்து கூப்பிட்டாலும் எலும்புக்குச் சரியாகக் காது கேட்காது. இதைத் திருப்புவதற்காகவே குளோரைடும் சல்பேட்டும் கூடிய உப்புகளை இந்த மூன்று வாரம் மட்டும் தீவனத்தில் சேர்க்கும் முறை இருக்கிறது. வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறுநீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, சோதிப்பார்கள். வழக்கமாக 8-ஐ ஒட்டியிருப்பது 6-க்கும் 7-க்கும் இடையில் இறங்கும். கால்நடை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்; அந்த உப்புகள் கசக்கும், அளவு மிஞ்சினால் மாடு தீவனத்தையே குறைத்துக்கொள்ளும்.

ஈன்ற பிறகு நிலைமை நேர் எதிர். அன்று முதல் கால்சியம் தாராளமாக வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் கறவையின் தொடக்க வாரங்களில் மாடு எலும்பிலிருந்து கடன் வாங்கித்தான் பால் கொடுக்கும். அந்தக் கடனைக் கறவையின் பிற்பகுதியில் அடைக்கும். பால் குறைந்துவிட்டது என்று அப்போது தாது உப்பை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாடு கடனை அடைக்கும் நேரம் அது.

ஒரு கைப்பிடி போதுமா?

தாது உப்புக் கலவையை அடர் தீவனத்தின் (தானியம், தவிடு, பிண்ணாக்கு போன்றவை) மேல் ஒரு கைப்பிடி தூவிவிட்டால் கால்சியம் விஷயம் முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையில் 20 விழுக்காடு கால்சியம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் கலவை கொடுத்தால் கிடைப்பது 10 கிராம். 20 லிட்டர் பாலில் போவதோ 24 கிராம். அதோடு, தின்னும் கால்சியம் எல்லாம் உடம்பில் சேர்வதில்லை. பாதியோ அதற்கும் குறைவாகவோதான் உறிஞ்சப்படுகிறது. அப்படியானால் பாலுக்காக மட்டும் 50 கிராம் போல உள்ளே போக வேண்டும். மாடு உயிர்வாழத் தேவையானது வேறு. கைப்பிடிக் கலவை அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

ஆக, கால்சியத்தின் பெரும்பங்கு தீவனத்திலிருந்தே வர வேண்டும். போதாததைச் சுண்ணாம்புக்கல் தூள் கொண்டு நிரப்பலாம். அதில் 38 விழுக்காடு அளவுக்குக் கால்சியம் உண்டு. கலவையின் உண்மையான பெருமை அதிலுள்ள நுண்தாதுக்களில் இருக்கிறது. கோபால்ட், அயோடின், செலினியம் போன்றவற்றை மில்லிகிராம் கணக்கில் நாமே அளந்து கொடுக்க முடியாது. கலவைதான் அதற்கு வழி.

தீவனம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காது என்று தெரிந்தால்தான் நிரப்புவதும் சரியாக இருக்கும். குதிரைமசால் போன்ற பயறு வகைத் தீவனங்களில் கால்சியம் கொழிக்கும், பாஸ்பரஸ் குறைவு. தவிடும் பிண்ணாக்கும் இதற்கு எதிர்; தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் போகலாம். வைக்கோல் போன்ற உலர் தீவனத்தில் இரண்டுமே குறைவு. வைக்கோலும் தவிடுமாக வளரும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் ஓரளவு கிடைத்துவிடும், கால்சியம்தான் விழும். பயறு வகைப் பசுந்தீவனமே முக்கியம் என்றால் கால்சியத்துக்குக் கவலை வேண்டாம். இரண்டு வீட்டு மாட்டுக்கும் ஒரே கலவை, ஒரே அளவு என்பது எப்படிப் பொருந்தும்?

பாஸ்பரஸ் குறைந்தால் மாடு எலும்பு, கல், மரக்கட்டை, மண் என்று கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கும். இதைக் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். செத்த விலங்கின் எலும்பைக் கடித்து அதிலுள்ள நச்சால் மாடுகள் இறப்பதும் உண்டு. பாஸ்பரஸை மிஞ்சிக் கொடுப்பதாலும் பயன் இல்லை. தேவைக்கு மேல் போனது சாணத்தில் வெளியேறி, மழையில் கரைந்து குளத்தைக் கெடுக்கும். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸ் ஒரு கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் கோழிக்கும் பன்றிக்கும் அது எளிதில் கிடைக்காது. மாட்டின் அசையூண் வயிற்றில், அதாவது தின்ற தீவனம் முதலில் தங்கிப் புளிக்கும் பெரிய அறையில், உள்ள நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். இது மாட்டுக்கு இயற்கை தந்த வசதி.

உப்பு மட்டும் மாட்டுக்குத் தெரியும்

சுவரை நக்கும் மாடு, மற்ற மாட்டின் சிறுநீரை நக்கும் மாடு, வியர்த்த கையை விடாமல் நக்கும் மாடு: இவை சாதாரண உப்பைத் தேடுகின்றன. பெரும்பாலான தீவனப் பயிர்களில் சோடியம் மிகக் குறைவு. மாடு அசைபோடும்போது நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது, அதில் சோடா உப்பு கரைந்திருக்கிறது. வயிறு புளித்துப்போகாமல் காப்பது அதுதான். நாளைக்கு 15 கிலோ உலர் பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) தின்னும் கறவை மாட்டுக்கு ஏறக்குறைய 30 கிராம் சோடியம் வேண்டும். சமையல் உப்பில் 39 விழுக்காடுதான் சோடியம் என்பதால் உப்பாகக் கணக்கிட்டால் 75 கிராமுக்குச் சற்று மேல் வரும். தீவனத்திலிருந்து வருவதை இதில் கழித்துக்கொள்ளலாம். உப்பு வைக்கும் இடத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்பு மட்டும் தின்ற மாட்டுக்கு அது நஞ்சாகிவிடும்.

உப்பைத் தேடுகிற மாடு மற்ற தாதுக்களையும் தானே தேடித் தின்றுகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தனக்கு எவ்வளவு சோடியம் வேண்டும் என்று மாட்டுக்குத் தெரியும். கால்சியமோ செம்போ எவ்வளவு வேண்டும் என்று தெரியாது. தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டால் மாடு நக்குவது அதிலுள்ள உப்புச் சுவைக்காக. ஒரு மாடு நாள் முழுக்க நக்கும், பக்கத்து மாடு திரும்பிப் பார்க்காது. உப்புக்குக் கட்டி போதும். மற்றவற்றுக்குத் தீவனத்தில் கலந்து கொடுப்பதே நம்பகமான வழி.

மக்னீசியம் பற்றி ஒரு எச்சரிக்கை. கால்சியத்துக்கு எலும்பு இருப்பதுபோல மக்னீசியத்துக்கு அவசரத்தில் கைகொடுக்கும் சேமிப்பு கிடையாது. தினமும் உள்ளே போனால்தான் உண்டு. மழை பெய்து தழைத்த இளம்புல்லில் பொட்டாசியம் மிகுந்து மக்னீசியம் குறைந்திருக்கும். பொட்டாசியம் அசையூண் வயிற்றில் மக்னீசியம் உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். அப்படிப்பட்ட மேய்ச்சலில் நன்றாக இருந்த மாடு திடீரென்று மிரண்டு, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். இளம்புல் தழைக்கும் நாட்களில் மக்னீசியம் ஆக்சைடை அடர் தீவனத்தில் சேர்ப்பது இதற்காகத்தான்.

மில்லிகிராம்களின் வேலை

நுண்தாதுக்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை கோபால்ட்டினுடையது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில நிலங்களில் புல் செழித்து வளர்ந்திருக்கும், அதை மேய்ந்த மாடும் ஆடும் மட்டும் மெலிந்து சாகும். பல காலம் காரணம் தெரியவில்லை. அந்த மண்ணில் கோபால்ட் இல்லை என்பது 1930களில்தான் தெரியவந்தது. பிறகு 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது அதன் நடுவில் கோபால்ட் இருப்பது தெரிந்தது. அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக்கொண்டு பி12-ஐ உண்டாக்குகின்றன. மாடு அதை எடுத்துக்கொள்கிறது. தேவை எவ்வளவு தெரியுமா? தீவனத்தின் ஒரு கிலோ உலர் பொருளுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம்.

செம்பின் கதை வேறு மாதிரி. தீவனத்தில் செம்பு போதிய அளவு இருந்தும் மாட்டுக்குக் குறை வரலாம். மாலிப்டினமும் கந்தகமும் அசையூண் வயிற்றில் சேர்ந்து செம்பைப் பிடித்து, உறிஞ்ச முடியாதபடி கட்டிவிடும். தண்ணீரில் இரும்பு அதிகம் என்றாலும் அதே தொல்லை. கறுப்பு மாட்டின் மயிர் செம்பட்டை பாய்ந்து, கண்ணைச் சுற்றி வெளுத்துக் கண்ணாடி போட்டதுபோல் தெரிந்தால் செம்பைச் சந்தேகிக்கலாம். இங்கே மருந்து கூடுதல் செம்பாகவும் இருக்கலாம், வேறு தண்ணீராகவும் இருக்கலாம். மாட்டைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது, தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

அயோடின் குறைந்தால் தாய்க்கு ஒன்றும் தெரியாது. கன்று கழுத்தில் கழலையோடும் மயிரில்லாமலும் பிறக்கும், சில சமயம் செத்தே பிறக்கும். துத்தநாகம் குளம்பையும் தோலையும் காம்புத் துளையை அடைக்கும் மெழுகு போன்ற பொருளையும் உறுதியாக்குகிறது. மடி நோய்க் கிருமிக்கு முதல் தடை அந்த அடைப்புதான். செலினியமும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்து வேலை செய்கின்றன. குறைந்தால் நஞ்சுக்கொடி விழாமல் தங்கும், கன்றின் தசை நலியும். செலினியம் கொஞ்சம் மிஞ்சினாலும் விஷம். கிலோ உலர் பொருளுக்கு 0.3 மில்லிகிராம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்து இருபது மடங்கு ஆனால் குளம்பு வெடித்து வால்மயிர் உதிரத் தொடங்கும். கலவை போட்டு, கட்டி தொங்கவிட்டு, கூடவே டானிக்கும் ஊற்றுகிறவர்கள் மூன்று பையிலும் செலினியம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரும்பைப் பொறுத்தவரை பெரிய மாட்டுக்குத் தீவனத்திலேயே வேண்டியதற்கு மேல் கிடைக்கிறது, சேர்க்கத் தேவையில்லை.

வாங்கும்போது பையின் மேல் ஒவ்வொரு தாதுவும் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். "எல்லாச் சத்தும் அடங்கியது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தக் கணக்குக்கும் உதவாது. பாஸ்பரஸுக்குச் சேர்க்கும் பொருளில் புளோரின் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பாறையிலிருந்து எடுக்கும் பாஸ்பேட்டில் புளோரின் உண்டு, அது பல்லையும் எலும்பையும் அரிக்கும். உர வகைப் பாஸ்பேட்டை மாட்டுக்கு வைக்கக் கூடாது என்பது இதனால்தான். புரதத்தோடு பிணைத்த நுண்தாதுக்கள் என்று விலை கூடிய வகைகளும் கிடைக்கின்றன. செம்பு கட்டப்படுவது போன்ற சிக்கல் உள்ள இடத்தில் அவை உதவலாம். அடிப்படைக் கணக்கே சரியாகாத கொட்டிலில் அவற்றுக்குச் செலவழிப்பதைவிடத் தீவனத்தை ஒருமுறை சோதனைக்கு அனுப்புவது நல்லது என்பது என் கருத்து.

மாட்டின் ரத்தத்தைச் சோதித்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்றால் ஹார்மோன் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். தீவனத்தில் போதிய அளவு இருக்கிறதா, எலும்பைக் கரைத்துக் கொடுக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. செம்பும் அப்படியே, சேமிப்பு கல்லீரலில் இருக்கிறது, அது வெகுவாகக் குறைந்த பிறகுதான் ரத்தத்தில் தெரியும்.

அப்புறம் ஒன்று. மாட்டோடு செம்மறி ஆடும் வளர்க்கிறீர்கள் என்றால், மாட்டுக்கான கலவையை ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். செம்மறி ஆடு செம்பை எளிதில் வெளியேற்றாது. மாட்டுக்குச் சரியான அளவு அதன் கல்லீரலில் வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று ரத்தத்தில் கலக்கும். சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஓரிரு நாளில் ஆடு இறந்துவிடும். மாட்டுத் தொட்டியின் அடியில் மிஞ்சியதை ஆட்டுக்குத் தள்ளுவதும் இதில் அடங்கும்.